வெள்ளைக் கிமோனோவில் வெள்ளை எங்கே? இம்ப்ரெஷனிச உருவப்படத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

போன் கேமராவில் 'ஆயில் பெயின்ட்' என்றொரு ஃபில்டர் இருக்கிறது. முகத்தைக் கொஞ்சம் கரைத்து, மேலே நாலு தீற்றல் போட்டுக் கொடுக்கும். அதைப் பகிர்கிறவர்கள் 'இம்ப்ரெஷனிஸ்ட் ஸ்டைல்' என்று தலைப்பும் வைத்துவிடுகிறார்கள். மங்கலாக இருந்தால் இம்ப்ரெஷனிசம். அவசரமாக வரைந்திருந்தால் இம்ப்ரெஷனிசம். நிறம் பளீரென்று இருந்தாலும் அதுதான், புள்ளி புள்ளியாக வைத்திருந்தாலும் அதுதான். சாம்பாரில் எந்தக் காயைப் போட்டாலும் சாம்பார்தானே என்கிற மாதிரி அந்தச் சொல் ஆகிவிட்டது.

ஒரே ஒரு ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலை அவிழ்த்துப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் 'வெள்ளைக் கிமோனோ அணிந்த பெண்'. வரைந்தவர் ஜார்ஜ் ஹென்ட்ரிக் ப்ரைட்னர் என்கிற டச்சுக்காரர். ஆண்டு 1894. துணியில் தைல வண்ணம், ஏறக்குறைய 59 செ.மீ. உயரம், 57 செ.மீ. அகலம். பூவேலை செய்த வெள்ளைப் பட்டுக் கிமோனோவில் (ஜப்பானியரின் நீள அங்கி), இடுப்பில் ஆரஞ்சுப் பட்டையுடன், ஒரு பெண் கனவில் இருப்பதுபோலச் சாய்ந்து கிடக்கிறாள். கிமோனோவின் கைகளில் சிவப்புக் கரை. படம் மங்கலாகவும் இல்லை, பளீரென்றும் இல்லை, புள்ளியும் கிடையாது. ஆனாலும் இதை வரைந்தவரை ஆம்ஸ்டர்டாம் இம்ப்ரெஷனிசத்தின் முதல் வரிசையில் வைக்கிறார்கள். ஏன்?

பெயரிலேயே ஒரு வழுக்கல்

1874இல் பாரிசில், நாடார் என்ற புகைப்படக்காரர் இருந்து காலி செய்த ஸ்டுடியோவில், சில ஓவியர்கள் சேர்ந்து சொந்தச் செலவில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் க்ளோத் மோனேயின் துறைமுகக் காலைக் காட்சி ஒன்றுக்கு 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' என்று பெயர். லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கூட்டத்தையும் 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று நக்கலடித்தார். நக்கல் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழில் இதை 'மனப்பதிவியம்' என்று சொல்வதுண்டு. நல்ல சொல்தான், ஆனால் ஆளைத் தவறான தெருவுக்குக் கூட்டிப்போகிறது. 'மனம்' என்று வந்ததுமே, ஓவியர் தன் உணர்ச்சியைக் கொட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் குறி வைத்தது அதற்கு முந்திய ஒரு கணத்தை. ஒளி வந்து கண்ணில் விழுகிறது. அது இன்ன பொருள் என்று மூளை பெயர் வைப்பதற்கு முன், கண்ணில் படுவது வெறும் நிறமும் வெளிச்சமும்தான். அந்தப் பதிவைத்தான் அவர்கள் துணிக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால் 'கண்பதிவியம்' என்றே வைத்திருக்கலாம்.

ஒரு பார்வையில் எவ்வளவு தெரியும்?

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிக்னலில் பக்கத்துப் பேருந்து வந்து நிற்கிறது. அதன் ஜன்னலில் ஒரு பெண். பத்து நொடியில் அந்தப் பேருந்து போய்விடுகிறது. அவள் அரக்குப் புடவை நினைவிருக்கிறது, தலையில் பூ இருந்தது நினைவிருக்கிறது, முகத்தில் ஒரு அசதி இருந்ததும் நினைவிருக்கிறது. காதில் தோடா ஜிமிக்கியா என்று கேட்டால் தெரியாது. அவளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியுமா? நன்றாகத்தான் பார்த்தீர்கள்.

கண்ணின் அமைப்பே அப்படி. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு கணத்தில் உங்களுக்குத் துல்லியமாகத் தெரிகிற இடம் ஏறக்குறைய அந்த நகத்தின் அளவுதான். விழித்திரையில் கூர்மையான பார்வைக்கென்று இருக்கும் அந்தச் சின்னப் பள்ளத்துக்கு ஃபோவியா என்று பெயர். அதைச் சுற்றியுள்ள மீதி எல்லாம் உத்தேசமான உருவமும் நிறமும் மட்டுமே. கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிப் பார்ப்பதால்தான், எல்லாமே தெளிவாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

பழைய பாணி உருவப்படத்தில் சரிகை நூல், மோதிரக் கல், புருவ முடி எல்லாம் ஒரே கூர்மையில் இருக்கும். நூற்றுக்கணக்கான பார்வைகளை ஒட்டித் தைத்த படம் அது. இம்ப்ரெஷனிஸ்ட் ஒரே பார்வையில் கிடைப்பதை வரைய முயல்கிறார். ஆகவே எதைச் சொல்வது, எதைப் பார்க்கிறவர் கண்ணுக்கு விட்டுவிடுவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். நம் படத்தில் கிமோனோவின் பூக்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் இதழும் இல்லை, காம்பும் இல்லை. தூரிகை தொட்டுவிட்டுப் போன சில வண்ணத் திட்டுகள்தான். முகத்தில் மட்டும் அந்தத் துடிப்பு அடங்கி, பூச்சு அமைதியாக இருக்கிறது. நாம் முதலில் பார்ப்பதும் முகத்தைத்தான்.

ஃபில்டர் தோற்கிற இடம் இதுதான். அது முகத்தையும் சுவரையும் ஒரே அளவில் கரைக்கும். அதற்கு எது முக்கியம் என்று தெரியாது.

வெள்ளை என்பது ஒரு நிறமா?

வேப்பமர நிழலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நிற்கிறார். 'வேட்டி என்ன நிறம்?' என்றால் சட்டென்று 'வெள்ளை' என்போம். அந்த வேட்டியைப் போனில் படம் எடுத்து, அதில் ஒரு சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்து இன்னொருவரிடம் காட்டுங்கள். 'சாம்பல்' என்பார், அல்லது 'லேசான நீலம்', 'பச்சை கலந்த மாதிரி இருக்கே' என்பார். இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒருவர் பொருளைச் சொன்னார். மற்றவர் கண்ணில் விழுந்த ஒளியைச் சொன்னார்.

மூளை எப்போதும் முதல் பதிலைத்தான் தரும். 'வேட்டி வெள்ளை' என்பது அது ஏற்கெனவே படித்து வைத்த பாடம். அந்தப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாவது பதிலை வரைவதுதான் இம்ப்ரெஷனிஸ்டின் வேலை. கேட்க எளிது. ஒருநாள் ஒரு வெள்ளைக் கோப்பையை வாட்டர் கலரில் வரைந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் தலைவலி வரும், எனக்கு வந்தது.

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. டோன் என்பது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்கிற அளவு. சிவப்பா நீலமா என்பது வேறு கேள்வி. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் மிஞ்சுவது டோன் மட்டும். ஓவியர்கள் கண்ணை இடுக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். இடுக்கினால் சில்லறை விவரங்கள் உதிர்ந்து டோன் மட்டும் நிற்கும்.

மோனேயின் அந்தச் சூரிய உதயத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் ஒரு வேடிக்கை நடக்கும். ஆரஞ்சுச் சூரியன் ஏறக்குறைய காணாமலே போய்விடும். சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் டோனும் சூரியனின் டோனும் கிட்டத்தட்ட ஒன்று. நிறத்தால் மட்டுமே அந்தச் சூரியன் நிற்கிறது. அதனால்தான் அது நடுங்குவதுபோல் தோன்றுகிறது என்று பார்வையை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கதி, பக்கத்து நிறம். பாரிசின் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் மிஷல் ஷெவ்ரேல் என்ற வேதியியலாளர் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குற்றமே இல்லை. பக்கத்தில் ஓடும் நூலின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. 1839இல் இதை அவர் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். ஒரு நிறம் பக்கத்தில் இருப்பதைத் தன் எதிர் நிறத்தின் பக்கம் தள்ளும். எதிர் நிறம் என்பது நிறச் சக்கரத்தில் நேரெதிரே உட்கார்ந்திருப்பது: சிவப்புக்குப் பச்சை, ஆரஞ்சுக்கு நீலம். ஆரஞ்சுப் பட்டைக்கு அருகே உள்ள சாம்பலில் நீலத்தை ஒரு சொட்டும் கலக்க வேண்டாம். அதுவாகவே கொஞ்சம் நீலம் காட்டும்.

கிமோனோவின் வெள்ளை எங்கே இருக்கிறது என்பதற்கு இப்போது பாதி பதில் கிடைத்துவிட்டது. அது சாம்பல்களும் கிரீம் சாயல்களும் கூடி, பக்கத்துச் சிவப்பும் ஆரஞ்சும் பின்னாலிருக்கும் இருட்டும் சேர்ந்து நம் கண்ணில் உண்டாக்குகிற வெள்ளை.

புள்ளிக் குழப்பம்

மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் தனித்தனி நூல்; தள்ளி நின்றால் கண் இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கிறது. வண்ணத்தைத் தட்டில் கலக்காமல், சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்து, கலக்கும் வேலையைக் கண்ணிடம் முழுசாக ஒப்படைக்கும் முறையை 1880களில் ஜார்ஜ் ஸ்யூரா ஒரு கணக்குப்போல வளர்த்தெடுத்தார். அதற்குப் பெயர் பாயின்டிலிசம். இம்ப்ரெஷனிசத்தின் பிள்ளை என்று வேண்டுமானால் சொல்லலாம், அதேதான் என்று சொல்ல முடியாது. மோனேயும் அவர் கூட்டாளி ரென்வாரும் வண்ணங்களைத் தாராளமாகத் தட்டில் கலந்தவர்கள்தான்.

சரி, இதுவரை வந்ததை ஒருமுறை தொட்டுக்கொள்வோம். பொருளைவிட அதிலிருந்து வரும் ஒளி முக்கியம். எல்லாவற்றையும் சொல்லாமல் தேர்ந்து சொல்வது. டோனையும் பக்கத்து நிறத்தையும் நம்பி வேலை செய்வது. இதில் 'மங்கல்' என்பது எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தோசைக்கல்லும் தைல வண்ணமும்

இனி கை வேலை. தைல வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. அதில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாட்கள் ஆகும்.

பழைய டச்சு ஓவியர்கள் பலர் இந்தத் தாமதத்தோடு ஒத்துப்போனார்கள். வீட்டுச் சுவருக்கு பிரைமர், பட்டி, முதல் கோட், இரண்டாம் கோட் என்று ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது அடிப்பதுபோல, அடுக்கடுக்காக வேலை. காய்ந்த பூச்சின் மேல் கண்ணாடிபோல ஒளி புகும் மெல்லிய வண்ணப் படலம் ஏற்றுவதற்கு கிளேஸ் என்று பெயர். ஒரு முகம் முடிய வாரக்கணக்கு, மாதக்கணக்கு.

இம்ப்ரெஷனிஸ்டுகள் பெரும்பாலும் ஈரத்தின் மேலேயே ஈர வண்ணத்தை வைத்தார்கள். தோசைக்கல்லில் மாவை ஊற்றியதும் கரண்டியால் ஒரே சுழற்று. கொஞ்சம் பிடித்த பிறகு இன்னொரு முறை தேய்த்தால் பிய்ந்துபோகும். ஈர வண்ணமும் அப்படித்தான். ஒரு தீற்றலை வைத்தால் விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பத் தடவினால் அடி வண்ணம் கிளம்பிவந்து எல்லாம் சேறாகும். பார்ப்பவருக்கு அவசரம்போலத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தயக்கமின்மைதான். கை வேகமாக இருக்கலாம்; அந்த ஒரு தீற்றலுக்கு முன் ஓவியர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பது துணியில் பதிவாகாது.

இதற்கு ஒரு தகர டியூபும் காரணம். அதற்கு முன் கலந்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள், ஊசியால் குத்திப் பிதுக்குவார்கள். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கக்கூடிய உலோக டியூபுக்கு உரிமம் வாங்கினார். நினைத்த இடத்துக்கு வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றானது. இன்று நம் வீட்டில் பற்பசை வருகிற டியூபும் அதே வம்சம்.

பாரிஸ் வெயில், ஆம்ஸ்டர்டாம் மழை

'பளீரென்ற நிறம்' என்கிற தவறான அடையாளம் இங்கேதான் உடைகிறது. மோனேயின் குழு தங்கள் வெயிலை வரைந்தது. ஆற்றங்கரை, தோட்டம், பாப்பிப் பூ. கறுப்பை முடிந்தவரை தவிர்த்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் பெரும்பாலான மாதங்கள் அப்படியா இருக்கின்றன? ஈரக் கல் தெரு, தாழ்ந்த வானம், கால்வாயில் பழுப்பு நீர், நாலு மணிக்கே இருட்டு. கண்ணில் விழும் ஒளியை உள்ளபடி வரைவதுதான் கொள்கை என்றால், அங்கே பழுப்பும் சாம்பலும் கறுப்பும்தான் நேர்மையான நிறங்கள்.

ப்ரைட்னர் 1857இல் ராட்டர்டாமில் பிறந்தவர். ஹேக் நகரில் படித்தவர். கடலையும் மேகத்தையும் சாம்பல் சாயல்களில் வரைந்த ஹேக் குழுவினரிடம் தொழில் கற்றவர். அந்தக் குழுவின் ஹென்ட்ரிக் மெஸ்டாக் 1881இல் முடித்த, பார்ப்பவரைச் சுற்றி வளைந்து நிற்கும் பிரம்மாண்டமான கடற்கரை ஓவியத்தில் இவரும் வேலை செய்திருக்கிறார். 1882இல் ஹேகின் ஏழைத் தெருக்களில் இவரோடு சேர்ந்து ஸ்கெட்ச் போட்டு அலைந்த ஒரு நண்பர் உண்டு; அப்போது யாருக்கும் தெரியாத வின்சென்ட் வான்கோ. 1886இல் ப்ரைட்னர் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார். வண்டிக் குதிரைகள், வேலைக்காரப் பெண்கள், கட்டடம் கட்டத் தோண்டிய குழிகள் என்று ஊரையே வரைந்தார். கேமராவும் வைத்திருந்தார். அவர் எடுத்த ஏராளமான புகைப்படங்கள் பின்னால் கிடைத்தன.

தூரிகைத் தடத்தை மறைக்காமல் விடுவது டச்சுக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஹார்லெம் நகரத்து ஃப்ரான்ஸ் ஹால்ஸ் அப்படித்தான் முகங்களை வரைந்தார். 1872இல் பாரிஸ் ஓவியர் எதுவார் மானே (மோனே அல்ல; மோனே குழுவுக்கு முன்னோடி) நெதர்லாந்துக்குப் போய் ஹால்ஸைப் பார்த்துவிட்டு வந்தார். ஆக, பாரிசிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்ததாக நாம் நினைக்கும் சரக்கில் ஒரு பங்கு முன்பே எதிர்த்திசையில் போனதுதான்.

அந்தப் பெண் யார்?

ஹேஷே க்வாக். 1877இல் ஸான்டாம் என்ற ஊரில் பிறந்தாள். (மோனே 1871இல் சில மாதங்கள் தங்கி, காற்றாலைகளையும் ஆற்றையும் வரைந்து தள்ளிய அதே ஸான்டாம்.) ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்து வந்த பெண். பதினாறு வயதில் ப்ரைட்னருக்கு மாடலாக உட்காரத் தொடங்கினாள். எந்த நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், எவ்வளவு கூலி கொடுத்தோம் என்று ப்ரைட்னர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஸ்டுடியோவில் ஜப்பானியக் கிமோனோக்களும் மடிப்புத் திரைகளும் இருந்தன. ஐரோப்பா முழுக்க ஜப்பான் அச்சுப்படங்கள் மேல் மோகம் பிடித்திருந்த காலம் அது. வெள்ளை, சிவப்பு, நீலம் என்று கிமோனோவை மாற்றி மாற்றிப் பத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். அதே உடையில் அவளைப் புகைப்படமும் எடுத்தார். அந்தப் படங்களில் நிறம் கிடையாது. ஆரஞ்சையும் சிவப்பையும் அவர் கண்தான் தந்தாக வேண்டும்.

அப்படியானால் இது உருவப்படமா? கறாராகச் சொன்னால் இல்லை. உருவப்படம் என்றால் ஒருவர், பெரும்பாலும் காசு கொடுத்து, 'இது நான்' என்று சொல்லிக்கொள்ள வரையச் சொல்வது. இங்கே காசு எதிர்த்திசையில் போகிறது. படத்தின் தலைப்பில் அவள் பெயரும் இல்லை. யாரென்று சொல்வதற்காக இல்லாமல், ஒரு முகபாவத்தையோ உடையையோ காட்டுவதற்காக வரையும் முகப்படத்துக்கு டச்சுக்காரர்கள் பழைய காலத்திலிருந்தே 'ட்ரோனி' என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துத் தோட்டுப் பெண் அந்த வகைதான். ப்ரைட்னரின் கிமோனோப் பெண்ணையும் அந்தப் பரம்பரையின் கடைசிப் பேத்தி என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனாலும் எனக்கு இது உருவப்படம்தான். ஹேஷே 1895இல் தங்கையுடன் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினாள். 1899இல், இருபத்திரண்டு வயது நிறையும் முன், காசநோயில் இறந்துபோனாள். காசு கொடுத்துத் தங்கள் முகத்தை வரையச் சொன்ன எத்தனையோ ஆம்ஸ்டர்டாம் சீமாட்டிகளை இன்று யாருக்கும் தெரியாது.

இன்னொருவர், இன்னொரு வெளிச்சம்

ப்ரைட்னரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுகிற டச்சு ஓவியர் ஐசக் இஸ்ராயல்ஸ், 1865இல் பிறந்தவர். இவரைத் தனியாக விரித்து எழுத வேண்டும். இங்கே ஒரே ஒரு விஷயம். 1904இல் பாரிசுக்குக் குடிபோன பிறகு இவருடைய படங்களில் வெளிச்சம் ஏறிவிட்டது. தையற்காரிகள், ஃபேஷன் கடைப் பெண்கள், 1916இல் நடனக்காரி மாத்தா ஹாரி. பிறகு வான்கோவின் தம்பி மனைவி யோவிடமிருந்து சூரியகாந்தி ஓவியத்தை இரவல் வாங்கித் தன் ஸ்டுடியோவில் மாட்டி, அதன் முன் பெண்களை நிறுத்தி வரைந்தார். அதே தொழில்முறை, அதே கண். மேலே விழுந்த வெளிச்சம் மட்டும் வேறு. பழுப்பு ப்ரைட்னரும் மஞ்சள் இஸ்ராயல்ஸும் ஒரே பெயருக்குக் கீழ் வருவது இதனால்தான்.

வீட்டிலிருந்தே பார்க்க

ரைக்ஸ்மியூசியம் தன் ஓவியங்களைப் பெரிய அளவுப் படங்களாக இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. போனில் திறந்ததும் வெள்ளைக் கிமோனோ தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். அந்த அளவில் அது ஒரு புகைப்படம்போல இருக்கும். 'இதில் என்ன இம்ப்ரெஷனிசம்?' என்று கேட்பீர்கள். அரை மீட்டருக்கு மேல் இருக்கும் துணியை அவ்வளவு சிறிதாகப் பார்ப்பது, கூடத்தின் கடைசி மூலையில் போய் நின்று பார்ப்பதற்குச் சமம். இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போங்கள். கிமோனோவின் ஒரு பூவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு அளவில் அது பூவாக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் வண்ணத் திட்டாகிவிடும். அங்கிருந்து மெல்லச் சுருக்கிக்கொண்டே வாருங்கள், திரும்பவும் பூவாகிற வரைக்கும். பிறகு விரலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த அளவிலேயே பாருங்கள்.